எக்காரணத்தாலாயினும்

கல்யாணமாகிக் காஞ்சிபுரத்துக்கு வந்தபோது எனக்கு ஒரு வேலை இருந்தது. அது என்ன வேலை என்று எங்கள் தெருவில் யாருக்கும் புரியவைக்க முடியவில்லை. என் கணவருக்குப் பெரிய காஞ்சிபுரத்தில் வங்கி உத்தியோகம். நான் அதற்கு முன் சென்னையில், காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதித் தரும் ஒரு முகவரின் அலுவலகத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். பௌதிகத்தில் பட்டம் வாங்கியிருந்ததால், டைப் அடிக்கச் சேர்த்தவர்கள் சீக்கிரமே வரைவு எழுதவும் உட்காரவைத்தார்கள். கல்யாணத்துக்குப் பிறகும் முதலாளி விடவில்லை. காகிதங்களைத் தபாலில் அனுப்புவார். நான் எழுதித் திருப்பி அனுப்புவேன். தெருவில் எனக்கு 'இங்கிலீஷ் எழுதுற அம்மா' என்று பெயர். எழுபதுகளின் தொடக்கம் அது.

அந்த எழுத்தில் கடினமான பகுதி கடைசிப் பக்கம்தான். ஒரு கண்டுபிடிப்பை விவரிப்பது எளிது. படம் போட்டு, பாகங்களுக்கு எண் கொடுத்து, எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்கொண்டே போகலாம். கடைசியில்தான் 'இது என்னுடையது' என்று கோரும் வாசகங்கள் வரும். அலுவலகத்தில் அவற்றைக் க்ளெய்ம் என்போம். ஒவ்வொரு க்ளெய்மும் ஒரே வாக்கியமாக இருக்கவேண்டும். மனைப் பத்திரத்தில் வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு என்று நான்கெல்லை சொல்வார்களே, அதுபோல வெறும் சொற்களால் வேலி கட்டவேண்டும். வேலியைக் குறுக்கிப் போட்டால் கண்டுபிடித்தவருக்கு நஷ்டம். வேலி எங்கே ஓடுகிறது என்று தெரியாவிட்டால் காப்புரிமை அலுவலகத்து ஆய்வாளர் விடமாட்டார். 'ஏறக்குறைய', 'தகுந்த', 'சற்றே' என்ற சொற்களைக் கண்டாலே திருப்பி அனுப்புவார். 'மேற்படி' என்று எழுதினால் மேலே அப்படி ஒன்று சொல்லப்பட்டிருக்கவேண்டும். இரண்டு சொல்லப்பட்டிருந்தால், எந்த மேற்படி என்று கேட்பார்.

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது. உலகத்தில் எந்தப் பொருளையும் ஒரு வாக்கியத்துக்குள் அடைத்துவிடலாம் என்று அப்போது நம்பினேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஒரு பாய், நாங்கள் வந்த மறு ஆண்டில் என்னைத் தேடி வந்தார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர், பேசும்போதும் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டே பேசுவார், லென்ஸ் வைத்துப் பழகிய கண். பையிலிருந்து ஒரு அலாரம் கடிகாரத்தின் உடம்பையும் ஒரு பித்தளைக் குண்டையும் எடுத்து வைத்தார்.

"உங்க தெருவுல மூணாவது வூட்டுல ஒரு அம்மா தனியா நெய்யுதே, தெரியுமாம்மா? அவங்க வூட்டுக்காரரு என் சினேகிதன். அவனுக்காகப் பண்ணது இது."

அந்த வீட்டு அக்காவை எனக்குத் தெரியும். கணவர் இறந்த பிறகு அவர் உட்கார்ந்த தறியிலேயே உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார்.

பாய் சொன்ன கருவி எளிமையானது. பட்டுத் தறியில் பாவு, அதாவது நீளவாட்டில் ஓடும் நூல்கள், ஒரே இறுக்கத்தில் நிற்கவேண்டும். நெய்பவருக்கு முன்னால் இரண்டு தூண்கள். அவற்றுக்கு நடுவே படைமரம் என்ற உருளையில் நெய்த சேலை சுற்றிக்கொள்ளும். பாவின் மறுமுனை அறையின் கோடியில் உள்ள பின்தூணில் கயிற்றால் கட்டப்பட்டிருக்கும். இறுக்கம் குறைந்தது தெரியாமல் நெய்துகொண்டே போனால் சேலையில் அலை விழுந்துவிடும். பாய் பாவின்மேல் ஒரு குண்டைத் தாங்கவைத்தார். பாவு தளர்ந்தால் குண்டு இறங்கும். இறங்கினால் ஒரு கொக்கி விடுபட்டு, மேலே விட்டத்தில் கட்டியிருக்கும் அலாரம் மணி அடிக்கும். நெய்பவர் எழுந்துபோய்ப் பின்கயிற்றை இறுக்கிவிட்டு, குண்டை மேலே தூக்கி வைத்தால் மணி நிற்கும்.

"நல்லா வேல செஞ்சுதா பாய்?" என்று கேட்டேன்.

அவர் பித்தளைக் குண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். "அவன் போனதே இந்த மணிதாம்மா சொல்லிச்சி. மத்தியானம். நெய்ஞ்சிக்கினே இருந்தவன் அப்படியே படைமரத்து மேல சாஞ்சிட்டான். பாவு தொய்ஞ்சி மணி அடிச்சிருக்குது. அந்தம்மா உள்ளேருந்து ஓடியாந்து பாத்தா, உசுரு இல்ல." பிறகு, "இத சும்மா உட்டுட மனசு வரல. வேற எவனாவது காப்பி அடிச்சி விப்பான். பேட்டன்ட்டு எழுதிக் குடும்மா" என்றார்.

எழுதினேன். என் முதலாளி பெயரளவுக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு கையெழுத்திட்டு அனுப்பினார். முதல் க்ளெய்மில் நான் ஒரு சொல்லைப் போட்டிருந்தேன்: 'பாவு எக்காரணத்தாலாயினும் தளரும்போது மேற்படி தூணின் அருகில் உள்ள குண்டு இறங்கி மணி ஒலிக்கும் கருவி.' அது ஆங்கிலத்தில் இருந்தது, அர்த்தம் இதுதான். அந்த 'எக்காரணத்தாலாயினும்' பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை. எல்லாக் காரணங்களையும் அது ஒரே வீச்சில் வளைத்துப் போட்டது. நாளைக்கு ஒருவன் வேறு ஏதாவது காரணத்தைச் சொல்லித் தப்ப முடியாது.

பல மாதங்கள் கழித்து ஆய்வாளரின் அறிக்கை வந்தது. இரண்டு ஆட்சேபங்கள். படத்தில் மூன்று தூண்கள் இருக்கின்றன, 'மேற்படி தூண்' என்பது எது, தளர்வு எதிலிருந்து எது வரைக்கும் அளக்கப்படுகிறது? இரண்டாவது, 'எக்காரணத்தாலாயினும்' என்பது திட்டவட்டமாக இல்லை. பாவு தளர்வதற்கான காரணங்கள் எவையென்று தெளிவாகச் சொல்லப்படவேண்டும்.

நியாயமான கேள்விகள். பதில் எழுதத் தறியை நேரில் பார்த்துவிட்டு வந்தால் போதும் என்று நினைத்தேன்.

பாயும் நானும் ஓர் அமாவாசை நாளில் அக்கா வீட்டுக்குப் போனோம். அமாவாசை அன்று தறி ஓடாது, அதனால் அவருக்குத் தொந்தரவு இருக்காது என்று பாய் சொல்லியிருந்தார். மற்ற நாட்களில் தெரு முழுக்கத் தறிச் சத்தம் சுவர்களுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். காது அதைக் கவனிப்பதையே விட்டுவிடும். அமாவாசையில்தான் அது இல்லாதது தெரியும். அன்று உச்சிவெயிலில் தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. எங்கும் ஒரு காகம்கூட இல்லை.

அக்கா தறி அறையின் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தார். நாற்பதைத் தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். அறையில் ஒரே ஒரு கண்ணாடி ஓட்டின் வழியாக வெளிச்சம் விழுந்தது. அது குழித்தறி. நெய்பவர் தரையோடு போட்ட பலகையில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு, கீழே கயிற்றில் தொங்கும் மிதிகட்டைகளை மிதிக்கவேண்டும். குழிக்குள் வெளிச்சம் போகவில்லை.

பாய் ஒவ்வொரு காரணமாகச் செய்து காட்டினார். சில நூல்களை விலக்கி, அறுந்ததுபோல் விட்டார், மணி அடித்தது. பின்கயிற்றை நழுவவிட்டார், அடித்தது. கையால் படைமரத்தின் பக்கம் பாவை அழுத்தினார், அடித்தது. நான் குறித்துக்கொண்டேன்.

"வேற எதுக்காச்சும் அடிக்குதா அக்கா?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"நீங்க சொல்றதுக்கெல்லாம் அடிக்குது" என்றார். "சொல்லாததுக்கும் அடிக்குது."

"சொல்லாததுக்குன்னா?"

"நான் உள்ள சோறு வடிச்சிக்கினு இருப்பேன். தறியில யாரும் இருக்கமாட்டாங்க. மணி அடிக்கும். வந்து பாத்தா நூலு ஒண்ணும் அறுந்திருக்காது. கயிறு நான் கட்டுன கட்டு அப்படியே இருக்கும். ஆனா பாவு தொய்ஞ்சி இருக்குது. யாரோ மேல சாஞ்ச மாதிரி."

பாய் என்னைப் பார்க்காமல், "வெயிலுக்குக் கயிறு நீளும்மா" என்றார்.

"மழ நாள்லயும் அடிக்குது பாய்."

நான் பென்சிலை வைத்துக்கொண்டு அடுத்து என்ன கேட்பது என்று யோசித்தேன். அறையில் மூன்று பேரும் சுவரோரமாக இருந்தோம். தறிக்கும் எங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி. அப்போது பித்தளைக் குண்டு இறங்கியது. விழவில்லை, மெதுவாக, யாரோ கையில் வாங்கி வைப்பதுபோல் இறங்கியது. மணி அடித்தது.

அந்தச் சத்தத்தை என்னால் சரியாகச் சொல்ல முடியாது. அலாரம் மணிதான், எங்கள் வீட்டிலும் அதே சத்தம் உண்டு. ஆனால் தறிகள் எல்லாம் நின்ற தெருவில், யாரும் தொடாத ஒரு மணி. என் முன்னங்கைகளில் மயிர் எழுந்து நின்றது. பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.

அக்கா அவசரமில்லாமல் எழுந்துபோய்க் குண்டைத் தூக்கி வைத்தார். வெறும் பலகையைப் பார்த்து, அடுப்படியிலிருந்து கணவனுக்குப் பதில் சொல்லும் குரலில், "இதோ, தூக்கிட்டேன்" என்றார். பிறகு பின்தூணுக்குப் போய்க் கயிற்றை இறுக்கினார். நான் குழிக்குள் எட்டிப் பார்த்தேன். இரண்டு மிதிகட்டைகளில் ஒன்று இருட்டில் ஆடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து எழுதப் பார்த்தேன். மூன்று காரணங்களை எழுதினேன். நான்காவதாக நாங்கள் கண்ணால் பார்த்தது இருக்கிறதே, அதற்கு என்ன எழுதுவது? காரணம் தெரியாமல் தளர்ந்தது என்றா? நான் போட்ட 'எக்காரணத்தாலாயினும்' அதையும்தான் உள்ளே வளைத்துப் போட்டிருந்தது. எழுதும்போது எனக்கு அது தெரியாது.

அதை அப்படியே விட்டுவிட்டு முதல் ஆட்சேபத்தை எடுத்தேன். இடது முன்தூண், வலது முன்தூண், பின்தூண் என்று மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, பின்தூணிலிருந்து ஒவ்வொரு முன்தூணுக்கும் உள்ள தூரத்தை அளந்து தரும்படி பாயிடம் சொன்னேன். அளந்து கொடுத்தார். வரைபடத்தைச் சரிபார்க்கும்போது ஒரு சந்தேகம் வந்து, அடுத்த வாரம் நானே நாடா எடுத்துக்கொண்டு போய் அளந்தேன். இடது பக்கத்து அளவு அவர் கொடுத்ததைவிடக் குறைந்திருந்தது. பாயை வரச்சொல்லி இரண்டு பேரும் சேர்ந்து அளந்தோம். அப்போது நான் அளந்ததைவிடவும் கொஞ்சம் குறைவு.

பாய் நாடாவைச் சுருட்டிக்கொண்டு அந்தத் தூணையே பார்த்தார். "தூணு வருதும்மா" என்றார். "பாவு தொய்யல. தூணு இந்தப் பக்கம் வருது."

தளர்வு எதிலிருந்து எது வரைக்கும் என்று ஆய்வாளர் கேட்டாரே, அந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூண்கள் அசையாமல் நிற்கும் என்று வைத்துக்கொண்டுதான் நான் அந்த வாக்கியத்தைக் கட்டியிருந்தேன். அசையாதது என்று எழுதவும் இல்லை. அது தோன்றவே இல்லை.

அக்கா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "குழியும்தான் ஆழமாயிக்கினே போவுது" என்றார், சர்வசாதாரணமாக. "முன்னெல்லாம் பாதம் தரையில பதியும். இப்போ எட்டல. கோணி மடிச்சிப் போட்டுக்கினேன். அப்புறம் அதுவும் எட்டல. இன்னொண்ணு போட்டேன்."

"இத ஏன் அக்கா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? அவரு கீழேருந்து காலப் புடிச்சி இழுக்கிறாருன்னா நீ ஏட்டுல எழுதிக்கப்போறியா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை.

பாய் பக்கத்து வீட்டில் ஒரு கடப்பாரை வாங்கி வந்து குழிக்குள் இறங்கினார். கோணிகளை விலக்கிவிட்டுத் தரையில் ஊன்றினார். அடிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. கையை வைத்து அழுத்தியதும் கடப்பாரை இறங்கிக்கொண்டே போனது. அவர் அதை வெளியே இழுத்தபோது, அடைத்துக் கிடந்த தண்ணீரின் வாடை அறை முழுக்க வந்தது. கீழே எங்கோ ஒரு மண்கட்டி உதிர்ந்து விழுவது கேட்டது. எவ்வளவு நேரம் கழித்து அந்தச் சத்தம் வந்தது என்பதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. பாய் அதைக் கேட்டதும் ஒரே தாவலில் மேலே ஏறிவிட்டார்.

தெருவில் விசாரித்தோம். முன்பு அந்த இடமெல்லாம் ஒரே கொல்லையாக இருந்ததாகவும், எங்கோ ஒரு கிணறு இருந்து அதைக் குப்பை போட்டு மூடி வீடு கட்டியதாகவும் ஒருவர் சொன்னார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

"பாவ சுருட்டிக்கோங்க அக்கா" என்றேன். "தறியப் பிரிச்சிடலாம். முசரவாக்கத்துல உங்க தம்பி இருக்கிறாரு இல்ல? அங்க போட்டுக்கலாம்."

"முடியாது."

"உள்ள கிணறு இருக்குது அக்கா. மண்ணு எறங்குது. அதனாலதான் தூணு சாயுது, அதனாலதான் மணி அடிக்குது."

அக்கா என் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தார். "எழுதிட்டியா?"

"இன்னும் இல்ல."

"எழுதாத." முதல் முறையாக அவர் குரல் உடைந்தது. "நீ கெணறுன்னு எழுதிட்டா அது கெணறாயிடும். நான் நெய்யும்போது அடிக்கும் பாரு, உடனே ஏந்திருக்கமாட்டேன். கொஞ்ச நேரம் கேட்டுக்கினே இருப்பேன். இன்னிக்கு இன்னா சாப்பாடுன்னு சொல்லுவேன். வெல ஏறிடிச்சின்னு சொல்லுவேன். அத எடுத்துட்டா எனக்கு இன்னா இருக்குது சொல்லு?"

என் வேலையே ஒரு சொல்லுக்குள் வேறெதுவும் நுழைந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதுதான். அப்படி நுழைந்து ஒருவர் குடியிருப்பார் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

அதன்பிறகு பாயும் நானும் மாறி மாறிப் போய்ப் பேசினோம். என் கணவரும் ஒருமுறை வந்து, குழியின்மேல் பலகை போட்டு மூடச் சொல்லிப் பார்த்தார். தறியில் இருக்கும் சேலையை முடித்துவிட்டுப் போகிறேன் என்றார் அக்கா. முடித்ததும் அடுத்த பாவைப் பிணைத்துவிட்டார். தம்பிக்குச் சொல்லி அனுப்பினோம். அவரும் வந்து கெஞ்சிவிட்டுத் திரும்பிப் போனார். பாய் ஒருநாள் கருவிக்கு எண்ணெய் போடவேண்டும் என்று சொல்லி ஏணி வைத்து ஏறி, விட்டத்தடியில் கொஞ்ச நேரம் வேலை செய்துகொண்டிருந்தார். அன்று நானும் இருந்தேன். இறங்கும்போது அவர் முகம் சரியாக இல்லை. என்ன பாய் என்றேன். தூசி என்றார்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் முழங்கால் தண்ணீர். விண்ணப்பத்துக்குப் பதில் அனுப்பக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. நான் மத்தியானத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதே வாக்கியத்தை அடித்து அடித்து எழுதிக்கொண்டிருந்தேன். காலின்கீழ் தரை ஒருமுறை குலுங்கியது. பெரிய மூட்டையை இறக்கினால் வருமே, அப்படி ஒரு சத்தம். அப்புறம் தெருவில் கூச்சல்.

நான் ஓடினேன். தறி அறையின் பாதியைக் காணவில்லை. பலகை, படைமரம், முன்தூண்கள் இரண்டும் இருந்த இடத்தில் ஒரு வட்டமான வாய் திறந்திருந்தது. உள்ளே கரும்பச்சைத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அரக்கு நிறத்துப் பட்டு நூல்கள் பின்தூணிலிருந்து அதற்குள் சரிந்து இறங்கியிருந்தன. ஏதோ ஒன்று அவற்றைக் கீழிருந்து இழுத்துப் பிடித்திருப்பதுபோல் இன்னும் விறைப்பாக நின்றன.

அக்கா பின்தூணைக் கட்டிக்கொண்டு நின்றார். கையில் கயிற்றின் முனை.

சுவரைப் பிடித்துக்கொண்டே போய் அவரை வெளியே இழுத்து வந்தோம். என் வீட்டில் உட்காரவைத்துச் சூடாகக் காப்பி கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மணி அடிச்சுது" என்றார். "எப்பவும் போல உக்காந்துக்கினே பேசினேன். மணி நிக்கல. இன்னிக்கு அடிச்ச அடி வேற மாதிரி இருந்துச்சிம்மா. கோவமா அடிச்சுது. அவரு என்னிக்கும் என்னக் கோவிச்சிக்கினதில்ல. இன்னாய்யா, ஏன் இப்படின்னு ஏந்திரிச்சிப் பின்னால போனேன். கயித்துல கை வெச்சேன். முன்னால எல்லாம் போயிடிச்சி."

சேதி கேட்டு மழையில் நனைந்தபடி பாய் வந்தார். அக்கா அவரிடமும் அதையே சொன்னார். "உன் மணிதான் பாய் என்னக் காப்பாத்திச்சி." நான் வேண்டாமென்று சொல்லச் சொல்லக் கேட்காமல் பாய் அந்த அறைக்குள் போனார். பின்பக்கத்து விட்டம் இடியாமல் நின்றது. கடிகாரமும் அதிலேயே தொங்கியது. அண்ணாந்து அதைப் பார்த்தவர், நனைந்த சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் என்னவென்று கேட்டதற்கு, "நாளைக்குக் கடைக்கு வாம்மா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் மழை விட்டிருந்தது. கடையில் வேறு யாருமில்லை. பாய் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, மூடியைக் கழற்றி என் முன்னால் வைத்தார். உள்ளே கடலை அளவில் ஒரு சின்ன இரும்புச் சுத்தி, மெல்லிய கம்பியோடு.

"இது இன்னா தெரியுதா?"

அலாரத்தின் இரண்டு கிண்ணங்களுக்கு நடுவே ஆடி மணியடிக்கும் சுத்தி என்று தெரிந்தது.

"அது அந்த மணியோடதும்மா. எண்ணெய் போடுறேன்னு ஏறுனேனே, அன்னிக்குக் கழட்டி எடுத்துக்கினு வந்துட்டேன். மணி அடிக்கிற வரைக்கும் அந்தம்மா குழிய உட்டு வராது. அடிக்கலன்னா மனசு வெறுத்துத் தம்பி வூட்டுக்குப் போயிடும்னு நெனச்சேன்."

"இது இல்லாம அடிக்காதா?"

"சக்கரம் சுத்தும். கிர்ருன்னு பூச்சி மாதிரி ஒரு சத்தம் வரும். பக்கத்துல காது வெச்சாத்தான் கேக்கும். நேத்து மேல பாத்தேன். கிண்ணம் ரெண்டும் இருக்குது. நடுவுல ஒண்ணும் இல்ல."

நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுத்தியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவரில் பழுதுபார்க்க வந்த கடிகாரங்கள் ஆளுக்கொரு மணி காட்டி ஓடிக்கொண்டிருந்தன. சக்கரத்தின் சத்தம்தான் கேட்டிருக்கும், பழக்கத்தில் அக்காவுக்கு மணியாகத் தோன்றியிருக்கும் என்று நான் சொன்னேன். பாய் தலையாட்டினார். மழைச் சத்தத்தில் அந்தக் கிர்ர் எப்படிக் கேட்டிருக்கும் என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவின் பக்கத்து வீட்டு அம்மாள் தானும் மணியைக் கேட்டதாக முந்தின நாளே சொல்லியிருந்தார். ஆனால் தினமும் கேட்டவர் அவர், அன்று கேட்டதாக நினைத்திருக்கலாம். கடைசியில் பாய்தான், "அந்தம்மாகிட்ட சொல்லவேணாம்" என்றார். "நான் செஞ்சது தெரிஞ்சா நடுங்கிடும்." டப்பாவை மூடி இழுப்பறைக்குள் வைத்தார்.

அந்த வாரம் பதிலை எழுதி முடித்தேன். 'மேற்படி தூண்' மூன்று தூண்களாகப் பிரிந்தது. தளர்வு பின்தூணுக்கும் முன்தூண்களுக்கும் இடையே அளக்கப்படுவது என்று வந்தது. 'எக்காரணத்தாலாயினும்' அடிபட்டது. அதன் இடத்தில் காரணங்கள் வரிசையாக நின்றன: நூல் அறுதல், பின்கயிறு நழுவுதல், படைமரத்தின்மேல் பாரம் விழுதல், தூண்களில் ஏதேனும் ஒன்று தன் இடத்திலிருந்து நகர்தல். எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஓட்டை இல்லாத, நல்ல வாக்கியம். ஆய்வாளர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் டைப் அடித்து முடித்த பிறகும் நான் வெகுநேரம் இயந்திரத்தின் முன்னாலேயே இருந்தேன். அறை இடிந்த அன்று மத்தியானம் நடந்தது அந்த வேலிக்கு வெளியே நின்றது. அதையும் சேர்க்க ஒரு சொல் என்னிடம் இருந்தது, அதை நானே அடித்துவிட்டிருந்தேன்.

காப்புரிமை கிடைத்தும் பாய்க்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. தறி வீடுகளில் நாலைந்து பேர் வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். தலைக்கு மேல் மணி அடித்தால் பதறுகிறது என்று சிலர் கழற்றிவிட்டார்கள். கிணற்றை மண்ணும் கல்லும் போட்டு மூடினார்கள். அந்த அறையை மட்டும் யாரும் மறுபடி கட்டவில்லை.

அக்கா முசரவாக்கத்தில் தம்பி வீட்டில் தறி போட்டுக்கொண்டார். காப்புரிமைப் பத்திரம் வந்ததும் அவர் கணவருக்காகச் செய்த கருவியாயிற்றே என்று, பாயும் நானும் அதை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். புதுத் தறியில் மணி இல்லை. பாய் ஒன்று மாட்டித் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

அக்கா பத்திரத்தைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தார். ஆங்கில எழுத்து. "எல்லாக் காரணத்தையும் எழுதிட்டியா?" என்று கேட்டார்.

"எழுதிட்டேன் அக்கா."

"அவரையுமா?"

பாய் தலையைக் குனிந்துகொண்டார். "இல்ல அக்கா" என்றேன். "அத எழுதறதுக்கு எனக்கு வார்த்த கெடைக்கல."

அக்கா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். "நல்லதாப் போச்சி. எழுதியிருந்தா அந்த ஆபீசுக்காரரு, இன்னா அவரு, எந்த அவருன்னு கேட்டு உன் உசுர வாங்கியிருப்பாரு" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்று எங்களைப் பிடித்து உட்காரவைத்து, உள்ளே உலை வைக்கப் போனார்.